அம்மாவின் மாத்திரை, மகளின் இன்சர்ட்: ஒரு பட்டறைக்காரன் போடும் மார்க்

அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு மில்லிங், பழசாக வாங்கிப் போட்ட, கம்ப்யூட்டர் கட்டளையில் வெட்டுகிற ஒரு சிஎன்சி. என்னைத் தவிர ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். டிரில் பிட், கூலன்ட், கிரைண்டிங் வீல் என்று பட்டறைக்கு வாங்குகிற சாமான்களைப் பற்றி அவ்வப்போது எழுதுவேன். அடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான். இந்தத் தடவை கடையில் கிடைக்காத இரண்டைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, என் அம்மாவுக்கு வீடு தேடி பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம். இன்னொன்று, என் மகள் இரண்டாம் வருஷம் படிக்கிற அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். இரண்டுமே அரசாங்கம் தன் பழைய வேலை முறையை மாற்றிக்கொண்ட இடங்கள். இரண்டையும் ஒரே வீட்டுக்குள் இருந்து பார்க்கிறேன்.

முதலில் அம்மா. வயது 74. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாங்கள் இருப்பது முதல் மாடி. இறங்கினால் ஏறுவதற்குள் பிராணன் போய்விடும் என்பாள். முன்பெல்லாம் மாதம் ஒரு நாள் நான் பட்டறையை விட்டுவிட்டு ஆட்டோவில் அழைத்துப்போவேன். ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அரை நாள் போகும். டெலிவரி நெருக்கடியில் நான் போகாமல் விட்ட மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு நாளைக் கடத்தியிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பாதிப் பாதியாக இருந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது.

இந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். எங்கள் தெருவுக்கு வந்துசேர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அம்மாவை "ஆயா" என்பார். அம்மா அவரை "கண்ணு" என்பாள்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வந்தவுடன் பிபி மெஷினை எடுக்கமாட்டார். அம்மாவை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லி, ஐந்து நிமிஷம் சும்மா விடுவார். பேச்சுக் கொடுத்தால், "ஆயா, அளந்து முடிச்சிட்டுப் பேசலாம்" என்பார். பிறகு கையை மேஜைமேல் வைத்துப் பட்டையைச் சுற்றுவார். நான் மைக்ரோமீட்டர் பிடித்துச் சம்பாதிக்கிறவன். அளவு எடுக்கிற கையைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். இவர் கை நல்ல கை.

அளந்து முடித்தால் அடுத்து டப்பாதான். மீதி மாத்திரையை எண்ணுவார். இரண்டாம் மாதமே கேட்டுவிட்டார்: "ஆயா, முப்பது குடுத்தேன். இன்னைக்கு ரெண்டுதான் இருக்கணும். பதினொண்ணு இருக்கு. எங்க போச்சு ஒம்போது நாளு?" அம்மா சுவரைப் பார்த்தாள். நான் வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்து கண்டுபிடிக்காததை அவர் ஒரு நிமிஷத்தில் எண்ணிக் கண்டுபிடித்தார். தலைசுற்றல் நின்றதும் மாத்திரை வேண்டாம் என்று அம்மா முடிவு செய்திருக்கிறாள். பிரஷர் வலிக்காது. வலிக்காத நோய்க்கு யார் மாத்திரை போடுவார்கள்? போடாமல் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, கிட்னி என்று எங்கே போய் முடியும் என்பதை அவர் பயமுறுத்தாமல் எடுத்துச் சொன்னார். எதிர் வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து, இதே திட்டத்தில்தான் பிசியோதெரபிக்கு வீட்டுக்கு ஆள் வருகிறார். அவரை ஜன்னல் வழியாகக் காட்டினார். அன்றிலிருந்து அம்மா ஒரு நாள்கூடத் தவறவில்லை. இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருது கிடைத்ததாகப் படித்தபோது, எனக்கு அந்தப் பதினொரு மாத்திரைதான் ஞாபகம் வந்தது.

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவருகிற பெண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் முப்பது வருஷ ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1989-இல் என் அப்பா ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் கிடந்தபோது, ஊசி மருந்திலிருந்து பஞ்சு வரைக்கும் சீட்டில் எழுதிக்கொடுத்து வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மெடிக்கல் கடையைத் தேடி ஓடியிருக்கிறேன். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தினார்கள். எந்தெந்த மருந்து வேண்டும் என்று ஒரு அத்தியாவசியப் பட்டியல். மொத்த மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே டெண்டர். வந்த சரக்கு மாவட்டக் கிடங்கில் இறங்கும். கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீடு மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு மாதிரி போகும். தேறினால்தான் வெளியே வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பகுதி. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இத்தனை ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும். எது எவ்வளவு தேவை என்று அந்த மருத்துவமனையே பார்த்து, கிடங்கில் எடுத்து, பாஸ்புக்கில் கழித்துக்கொள்ளும். ஒரு பாராசிட்டமாலுக்கு கோட்டைக்குக் கடுதாசி போட வேண்டியதில்லை. இதைப் பார்த்துத்தான் பிறகு கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்கும் இப்படிக் கழகம் வைத்துக்கொண்டன.

குறையும் உண்டு. நடுவில் மூன்று மாதம் எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை. அவர் இடத்துக்கு மாற்று ஆள் போடவில்லை. கேட்டால், "வருவாங்க சார்" என்பதுதான் பதில். மறுபடி ஆட்டோ, மறுபடி வரிசை. இன்னொரு மாதம் சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்ந்துபோய், பிரஷர் மட்டும் பார்த்துவிட்டுப் போனார். பிபி மெஷினில் பேட்டரி போனபோது நாலு செல்லைச் சொந்தக் காசில் வாங்கிப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். நான் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இவர்களுக்குக் கிடைப்பது சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகை. ஊருக்கெல்லாம் லீவு போடாமல் மாத்திரை போடச் சொல்கிறவருக்குச் சம்பளத்தோடு ஒரு மருத்துவ விடுப்பு கிடையாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் ஐடிஐதான். 1991-இல் ஃபிட்டர் டிரேடு. முதல் மூன்று மாதம் ஃபைலிங் மட்டும்தான். ஒரு எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட்டைக் கொடுத்துவிடுவார்கள், அதை நாலு பக்கமும் தேய்த்துச் சமமாக்கணும். செங்கோணம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அது மறையும்வரை விடமாட்டார் எங்கள் சார். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். அந்தப் படிப்பும் அப்ரண்டிஸும்தான் இன்று என் பட்டறை. அதனால் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, "நானும் ஐடிஐ போறேன்ப்பா" என்றபோது வீட்டில் நான் ஒருவன்தான் சந்தோஷப்பட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும், மார்க் நன்றாகத்தானே வாங்கியிருக்கிறாள், இன்ஜினியரிங்கில் போட வேண்டியதுதானே என்றார்கள்.

அவள் கேட்டது நான் படித்த டிரேடு இல்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877.43 கோடி ரூபாயில் தொழில் 4.0 தரத்துக்கு, அதாவது கம்ப்யூட்டரும் ரோபோவும் ஓட்டுகிற தொழிற்சாலைக்கு ஏற்றபடி மாற்றுகிற திட்டம் வந்ததல்லவா, 2023 ஜூனில் ஒரகடத்தில் தொடங்கிவைத்தார்களே, அதில் வந்த புது டிரேடுகளில் ஒன்று: அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங். மின்சார வண்டி மெக்கானிக், ரோபோ, ஆட்டோமேஷன் என்று வேறு டிரேடுகளும் இருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம் எல்லாம் உண்டு. அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. செலவுக்கு என்னிடம் கை நீட்டியதே இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது புதுக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். எப்பாக்ஸி தரை, நல்ல வெளிச்சம். ரோபோ கை ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. ஒர்க் ஷாப்பை ஒட்டியே பெண்களுக்குக் கழிப்பறை, தண்ணீரோடு. நான் படித்த காலத்தில் டிரேடு படிக்க ஒரு பெண்கூட வந்ததில்லை, வந்திருந்தாலும் போக இடம் இருந்திருக்காது. அங்கே நின்றிருந்த மெஷினிங் சென்டரைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. எஸ்டேட்டில் என் மாதிரிப் பட்டறை வைத்திருக்கிறவன் அந்த மெஷினைக் கண்காட்சியில்தான் பார்ப்பான். அது கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் தொட்டுப் பழகுவதற்கு வந்திருக்கிறது. இதற்கு ஐந்து மார்க்கும் கொடுக்கத்தான் நினைத்தேன்.

பிறகு மகள் வீட்டில் சொல்ல ஆரம்பித்தாள். இன்சர்ட் இல்லை.

பட்டறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிஎன்சியில் இரும்பை வெட்டுவது டூலின் முனையில் திருகி வைக்கிற சின்ன கார்பைடு துண்டு. அதற்குப் பேர்தான் இன்சர்ட். நாங்கள் சாதாரணமாகப் போடுகிற சாய்சதுர இன்சர்ட்டில் நாலு முனை இருக்கும். ஒன்று மழுங்கினால் திருப்பிப் போடலாம், நாலும் போனால் தூக்கிப் போட வேண்டும். பழகுகிற பிள்ளை முனையை உடைக்கும். உடைத்தால்தான் எவ்வளவு ஆழம் கொடுக்கலாம், எவ்வளவு வேகத்தில் தள்ளலாம் என்று கைக்குத் தெரியும். இருபது பேர் பழகினால் மாதம் ஒரு டப்பா ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மெஷினோடு வந்த டப்பா தீர்ந்த பிறகு அடுத்தது வரவில்லை. சார் என்ன செய்வார்? பிள்ளைகளைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டச் சொன்னார். திரையில் இன்சர்ட் உடையாது. "எங்க பேட்ச்ல ஆளுக்கு ரெண்டு ஜாப்தான்ப்பா கிடைச்சுது, மீதியெல்லாம் ஸ்கிரீன்லதான்" என்றாள். ஜாப் என்றால் மெஷினில் வெட்டிச் செய்கிற பயிற்சித் துண்டு. எனக்கு உள்ளங்கைக் கொப்பளம்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு லீவு முடிந்து போனால் மெஷின் அலாரத்தில் நிற்கிறது. அவள் சொன்ன அலாரம் நம்பரைக் கேட்டவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் என் பட்டறையிலும் ஒரு தடவை நடந்தது. மெஷின் தன் சுழிநிலையை, அதாவது அளவு எண்ணத் தொடங்கும் இடத்தை, மறக்காமல் இருக்க உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். பல நாள் கரன்ட் போடாமல் விட்டால் அது இறங்கிவிடும். மெஷின் ஆனில் இருக்கும்போதே அதை மாற்றவேண்டும். தவறவிட்டால் மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது, மறுபடி சுழிநிலை வைக்க ஆள் வரவேண்டும். பேட்டரிக்குச் சில நூறு ரூபாய். அந்த மெஷின் ஆறு வாரம் நின்றது. சார் தன் காசில் வாங்கிப் போடவும் தயாராக இருந்தார். ஆனால் மூடியைத் திறக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. எழுதிக்கொடுத்து, அது மேலே போய், சர்வீஸ் இன்ஜினியர் வர ஆறு வாரம். இரண்டு வருஷப் படிப்பில் ஆறு வாரம் என்பது சின்ன விஷயமா?

அந்த சாரைப் பற்றி ஒரு வார்த்தை. அடிப்படையில் டர்னர். புது மெஷினுக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மீதியை ராத்திரி உட்கார்ந்து தானே படித்துக்கொள்கிறார். பக்கத்து டிரேடுக்கு ஆள் இல்லாமல் அதையும் அவரே பார்க்கிறார். பெற்றோர் கூட்டத்தில் என்னிடம், "சார், நீங்க தொழில்ல இருக்கீங்க, தப்பா எதாவது சொல்லித்தந்திருந்தா சொல்லுங்க" என்று கேட்டார். இவ்வளவு வெள்ளையாக ஒரு வாத்தியார் கேட்டு நான் பார்த்ததில்லை. குறை அவரிடத்தில் இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். மருந்து விஷயத்தில் இந்த மாநிலம் 1994-லேயே கண்டுபிடித்துவிட்ட வழியை ஐடிஐக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டடமும் படுக்கையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாத்திரை தீர்ந்தால் நீயே பார்த்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரை தீரும் என்று முன்கூட்டியே தெரிந்துதான் பட்டியல், கிடங்கு, பாஸ்புக் எல்லாம் வைத்தார்கள். இன்சர்ட்டும் தீரும். கூலன்ட் கெட்டுப்போகும். எம்எஸ் ராடு தீரும். பேட்டரி இறங்கும். இன்ன டிரேடுக்கு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு இத்தனை இன்சர்ட், இத்தனை கிலோ இரும்பு என்று ஒரு பட்டியல் போடுவது பெரிய வேலை இல்லை. எஸ்டேட்டில் எந்த ஃபோர்மேனைக் கூப்பிட்டாலும் ஒரு மத்தியானத்தில் எழுதிக் கொடுப்பார். மாநிலத்துக்கே ஒரு டெண்டர், மண்டலத்துக்கு ஒரு கிடங்கு, ஒவ்வொரு ஐடிஐக்கும் ஒரு பாஸ்புக். எடுத்துக் கழித்துக்கொள்ளும் உரிமை அந்தந்த ஐடிஐயின் கையில். பேட்டரி மாற்றுகிற அளவுக்காவது மெஷினைத் திறக்கப் பயிற்சியும் அனுமதியும் சாருக்கு. 2,877 கோடி போட்டு வாங்கிய மெஷின்களை நிற்காமல் ஓடவைக்க இது போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது இல்லாமல் ஓடாது.

மாத்திரைப் பக்கத்துக்கும் இதேதான். கிடங்குவரை ஏற்பாடு அவ்வளவு பலமாக இருக்கிறது. கிடங்கிலிருந்து அம்மாவின் டப்பாவரை ஒரே ஒரு பெண்ணின் உடம்பு நன்றாக இருப்பதை நம்பி நடக்கிறது. தெருவுக்கு ஒரு மாற்று ஆள், நாலு செல்லுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஒரு சின்னக் கைச்செலவுப் பணம், நிலையான சம்பளம். இதைச் செய்துவிட்டால் அந்தத் திட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மார்க்: மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஐந்துக்கு நாலரை. வீட்டில் வயதானவர் இருந்து இன்னும் பெயர் சேர்க்காதவர்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள். பழைய சீட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். ஐடிஐக்கு மூன்றரை. மூன்றரை என்றாலும் பிள்ளையைச் சேர்க்கலாம் என்றுதான் சொல்வேன், அதுவும் பெண் பிள்ளையைத் தயங்காமல் சேர்க்கலாம். சேர்ப்பதற்குமுன் நேரில் போய் ஒர்க் ஷாப்பைப் பாருங்கள். மெஷின் எத்தனை என்று கேட்காதீர்கள். போன மாதம் பிள்ளைகள் செய்த ஜாபைக் காட்டச் சொல்லுங்கள். சிப் தட்டில் இரும்புச் சுருள் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது.

எங்கள் எஸ்டேட்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. தேர்ந்த ஆள் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் தினமும் புலம்புகிறோம். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், நாலு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். 2016-இல் வந்த திட்டத்தில், அப்ரண்டிஸுக்கு நாம் கொடுக்கிற உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்றுக்கொள்கிறது. இருந்தும் எங்கள் வரிசையில் அப்ரண்டிஸ் வைத்திருக்கும் பட்டறைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நானும் இத்தனை வருஷம் எடுக்கவில்லை.

போன மாதம் பட்டறையில் ஒன்றிரண்டு முனை மீதி இருக்கிற இன்சர்ட்டுகளைப் பொறுக்கினேன். நாற்பதுக்கு மேல் தேறியது. ஐடிஐக்குக் கொண்டுபோனால், நன்கொடை என்று கடிதம் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் சார். அடுத்த வாரமே மகள் பேட்ச் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஸ்டெப் டர்னிங் ஜாப் கிடைத்தது. அப்ரண்டிஸ் போர்ட்டலில் பட்டறையைப் பதிவு செய்துவிட்டேன். தேர்வு முடிந்ததும் அந்த பேட்சிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் என்னிடம் வருகிறார்கள். என் மகளை நான் எடுக்கவில்லை. அவள் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போகிறாள். என்னைத் தெரியாத ஒரு ஃபோர்மேனிடம் முனை உடைத்துத் திட்டு வாங்கட்டும்.